பலாச்சுளையும் பீங்கான் கிண்ணமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் போகும் சாலையும் குறுக்கிடும் இடம் வேப்பூர். வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயர் தெரியும். அந்தக் கூட்டுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கிழக்கே அரை மணி நேரத்தில் விருத்தாசலம். பீங்கானுக்கும் முந்திரிக்கும் பேர்போன ஊர். அதையும் தாண்டினால் பண்ருட்டிப் பலா. மேற்கே சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று மரவள்ளிக் காடுகளும் ஜவ்வரிசி ஆலைகளும் மாந்தோப்புகளும். சித்திரை, வைகாசியில் இந்த ஒரு சாலையில் போகும் சரக்கை வைத்தே ஒரு நல்ல காப்லர் செய்துவிடலாம். அதைச் சுடும் கிண்ணம் உட்பட.

காப்லர் என்பது பழத்துண்டுகளைக் கிண்ணத்தில் பரப்பி, மேலே கொழகொழப்பான மாவைக் கரண்டி கரண்டியாக வைத்து, ஓவனில் சுட்டெடுக்கும் அமெரிக்கப் பலகாரம். ஐரோப்பாவிலிருந்து அங்கே குடியேறியவர்களுக்கு, ஊரில் செய்த மாதிரி மாவைத் தேய்த்து, கிண்ணத்துக்கு அடியிலும் மேலும் விரித்துச் சுட வசதி இல்லை. கனமான இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை வைத்து மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணலைக் கொட்டிச் சுட்டார்கள். 1839இல் லெட்டிஸ் பிரையன் வெளியிட்ட ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் நூலில் பீச் பழத்தில் செய்யும் காப்லர் இருக்கிறது. மூடியின் மேல் தணல் போடும் வித்தை நமக்கும் புதிதல்ல. ஓவன் வருவதற்கு முன்னால் நம் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் வெந்ததும் அப்படித்தான்.

செய்முறை எளிதுதான். ஆனாலும் செய்தவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றே: மேலே பொன்னிறமாக இருக்கிறது, கரண்டியை விட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் பசையாக இருக்கிறது, அதற்கும் கீழே பழம் தண்ணீரில் மிதக்கிறது. மூன்றுக்கும் மூலம் தண்ணீர். காப்லரில் மேல்மாவு தண்ணீரை இழக்க வேண்டும். பழம் தன் தண்ணீரை இழக்கவும் கூடாது, ஓடவிடவும் கூடாது. ஒரே கிண்ணத்தில், ஒரே சூட்டில் இந்த இரண்டும் நடந்தாக வேண்டும். செய்பவரின் கைத்திறன் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பழத்திலிருந்து தொடங்குவோம். பலாச்சுளையின் எடையில் ஏறக்குறைய 73 சதவீதம் தண்ணீர். மாம்பழத்தில் 83 சதவீதம். கொட்டை நீக்கி நறுக்கிய சுளை அரைக் கிலோவும் மாம்பழத் துண்டு கால் கிலோவும் எடுத்தால், கிண்ணத்தில் அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். பச்சையாக இருக்கும்போது அது கண்ணில் படாது. ஒவ்வொரு செல்லும் தன் சாற்றை ஒரு மெல்லிய சவ்வுக்குள் இறுக்கி வைத்திருக்கிறது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தச் சவ்வு கெட்டு, சாறு கசியத் தொடங்கும். 85 டிகிரியை ஒட்டி, செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையும், பழம் குழையும். அதுவரை அடைபட்டிருந்த சாறெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அந்தச் சாற்றைப் பிடித்துவைக்க மாவுச்சத்து வேண்டும். சோள மாவு போடச் சொல்பவர்கள் உண்டு. என் கட்சி ஜவ்வரிசி. மரவள்ளி மாவுச்சத்து சோளத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே, 60 முதல் 70 டிகிரிக்குள், நீரை உறிஞ்சி வீங்கிவிடும். வெந்தபின் கலங்காமல் கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும்; மஞ்சள் சுளையின் நிறம் அப்படியே தெரியும். பச்சை மாவு வாசனையும் இல்லை. அமெரிக்காவிலும் பழப் பலகாரங்களைக் கெட்டிப்படுத்த மரவள்ளி மாவுச்சத்தைப் பயன்படுத்தும் வழக்கம் வெகுநாளாக உண்டு. சேலத்து ஜவ்வரிசி இரண்டு மேசைக்கரண்டி போதும். முழுசாகப் போட்டால் மேலே ஒட்டியிருப்பது கல்லாகிவிடும். மிக்ஸியில் ரவை பதத்துக்குப் பொடித்து, பழத்தோடும் நாட்டுச் சர்க்கரையோடும் கலந்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து கொஞ்சம் சாற்றை இழுக்கும். ஜவ்வரிசி அந்தச் சாற்றில் ஊறும்.

சர்க்கரையில் கைநிறுத்தம் வேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் புளிப்பான பீச்சுக்கும் பெர்ரிக்கும் எழுதப்பட்டவை. அவற்றில் இருக்கும் அளவைப் பலாவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. பலாச்சுளையில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே சர்க்கரைதான். மேற்சொன்ன அளவுக்கு 50 கிராம் போதும். திகட்டுவது தவிர இன்னொரு கெடுதலும் உண்டு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவுச்சத்து வீங்க இன்னும் அதிகச் சூடு வேண்டியிருக்கும். சாறு கெட்டிப்படுவது தள்ளிப்போகும். பலாவில் இல்லாதது புளிப்பு. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், கொஞ்சம் புளிப்பேறிய மாம்பழமாகப் பார்த்துச் சேருங்கள். புளிப்பு இல்லாத பலாக் காப்லர் வெறும் இனிப்புக் கூழ்தான்.

பலாவைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. சுளை கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும் ரகம் இதற்கு ஏற்றது. கூழாகும் ரகத்தைப் போட்டால் சாறு வரும், துண்டு மிஞ்சாது. பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்து பாலூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ‘பாலூர் 1’ இந்தப் பகுதியின் பேர்பெற்ற ரகம். பழத்தை அறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலாப்பால் ரப்பரும் பிசினும் கலந்தது. தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். நறுக்கும்போது சுளையைச் சுற்றியிருக்கும் சடையைக் கொஞ்சமும் விடாமல் எடுத்துவிடுங்கள். வெந்தபின் அது நாராகப் பல்லில் சிக்கும்.

பலாவின் மணம் எஸ்டர் என்னும் இலகுவில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது. அடுப்பறை முழுக்க மணக்கிறது என்றால், அந்த அளவு மணம் பலகாரத்தில் குறைந்துவிட்டது என்றுதான் பொருள். அதனால் நான்கைந்து சுளையைத் தனியே எடுத்துவைத்து, பச்சையாகவே அரைத்து, சுட்டெடுத்த காப்லர் பாதி ஆறியபின் மேலே ஊற்றிக் கொடுங்கள். வெந்த பலாவின் கருப்பட்டி வாசனையும் பச்சைப் பலாவின் மணமும் ஒரே வாயில் சேரும்.

அடுத்து மேல்மாவு. மைதா 150 கிராம், சர்க்கரை 40 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, 75 கிராம் வெண்ணெய், 100 மில்லி புளித்த தயிர். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலிருக்கும் குளுட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலை உருவாகிறது. பிசையப் பிசைய அது உறுதிப்படும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து ஊறப்போடுவது அந்த வலைக்காகத்தான். இங்கே அது வேண்டாத வலை. தயிர் ஊற்றியபின் உலர்மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கிளறி நிறுத்திவிடுங்கள். கட்டிகட்டியாக இருந்தால் இருக்கட்டும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், பலன் வேறு. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு; மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மாவில் சின்னச் சின்னத் துணுக்காகக் கிடக்கும் வெண்ணெய் ஓவனில் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தில் ஒரு சிறு பொந்தை விட்டுப்போகிறது. மாவு அடுக்கடுக்காக உதிர்வது இதனால்தான். நெய்யில் தண்ணீர் இல்லை. அது நானகத்தாய் மாதிரி மணல்மணலாகத்தான் உதிரும். ஆனால் கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் வெண்ணெயைத் துணுக்காக வைத்திருப்பது பெரும்பாடு. 32 டிகிரியைத் தாண்டினாலே அது இளகி எண்ணெயாகிறது. அறையின் சூடே அதைவிட அதிகம். பிரீசரில் கல்லாக உறையவைத்து, காய் துருவியில் துருவி, மாவில் புரட்டிச் சட்டென்று வேலையை முடிப்பதுதான் வழி. தயிரும் குளிர்ந்ததாக இருக்கட்டும்.

சமையல் சோடா தயிரின் லாக்டிக் அமிலத்தோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் எழும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமில உப்பும் கூடவே இருக்கிறது. 1843இல் இங்கிலாந்தின் ஆல்பிரட் பேர்டு, முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக உருவாக்கியது அது. இன்று கடையில் கிடைக்கும் பேக்கிங் பவுடர் பெரும்பாலும் இரண்டு தடவை வேலை செய்யும்: ஈரம் பட்டதும் ஒருமுறை, ஓவன் சூட்டில் மறுமுறை. சோடாவைக் கூடுதலாகப் போட்டால் அமிலம் போதாமல் மிச்சம் நிற்கும். சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறி, மாவு சோப்பு வாடை அடிக்கும். அளவு கூடிப்போனதா என்று பார்க்க, சுட்ட மேல்மாவில் ஒரு துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மஞ்சள்தூள் தூவுங்கள். மஞ்சள் செந்நிறமானால் சோடா அதிகம். ஆலத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பது இதே வேதியியல்தான்.

இனி பசைப் பிரச்சினைக்கு வருவோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை விட்டு அதிகம் நகராது. சர்க்கரை கரைந்த சாறு என்றால் ஓரிரு டிகிரி கூடலாம். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அதே ஒரு கிராமை ஆவியாக்கத் தேவை. ஓவனை 190 டிகிரியில் வைத்தாலும், கொடுக்கும் வெப்பமெல்லாம் ஆவிக்கே செலவாகிறது. மாவின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் ரொட்டி மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912இல் விவரித்த வினை இது. மாவின் அடிப்பக்கம் பழச்சாற்றின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒருநாளும் பழுப்பாகாது, ஆவியில்தான் வேகும். அது தப்பில்லை. பழம் கொதிக்காமல் சில்லென்று இருக்கும்போது மாவை மேலே வைப்பதுதான் தப்பு. அடிப்பக்கத்து மாவு வேகத் தேவையான சூட்டுக்குப் பழம் வந்து சேர்வதற்குள் மேல்பக்கம் சிவந்துவிடுகிறது. வெந்துவிட்டதென்று நம்பி வெளியே எடுத்துவிடுகிறோம்.

ஆகவே பழத்தை மட்டும் கிண்ணத்தில் வைத்து முதலில் ஓவனில் தள்ளுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் ஓரத்தில் கொதி தெரியும். அதன்பிறகு மாவைக் கரண்டியால், இடையிடையே பழம் தெரியும்படி வையுங்கள். அந்த இடைவெளிகள் அழகுக்கு மட்டுமல்ல, ஆவி வெளியேறும் வாசல்கள். அடைத்துவிட்டால் ஆவி முழுவதும் மாவுக்குள்தான் போகும். பிறகு முப்பது நிமிடம் போலச் சுட வேண்டும். நேரத்தைவிடக் குமிழைக் கவனிப்பது மேல். முதலில் வருவது சின்னதும் வேகமானதுமான தண்ணீர்க் குமிழ். மாவுச்சத்து வெந்தபின் வருவது பெரிதாக எழும்பி, பளபளத்து, மெதுவாக உடையும். ஓரத்தில் மட்டுமின்றி நடுவிலும் அந்த மந்தமான குமிழ் வந்த பிறகே எடுங்கள்.

முந்திரியைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் தூவுவது நல்லது. அதில் தண்ணீர் சொற்பம். எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு புரதம். காயவேண்டிய வேலை இல்லாததால் மாவுக்கு முன்னால் அது கருகும். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் பல மாநிலங்களுக்குப் போயிருக்கிறது. கொட்டையை எடுத்துக்கொண்டு, அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு எடையுள்ள முந்திரிப்பழத்தைத் தோப்பிலேயே அழுகவிடுவது எனக்கு ஆறாத வருத்தம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. தொண்டையைப் பிடிக்கும் கரகரப்புக்குக் காரணம் டானின். உமிழ்நீரின் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. உப்புத் தண்ணீரில் சில நிமிடம் வேகவைத்து வடித்தால் பெருமளவு போய்விடும். அப்படிப் பக்குவப்படுத்திய முந்திரிப்பழத்தை, மாம்பழம் சேர்க்கும் இடத்தில் பாதிக்குப் பாதி சேர்க்கலாம்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான சட்டியில் உப்பையோ மணலையோ பரப்பி, மூடிபோட்டுச் சுடுகிறார்கள். கேக் அதில் நன்றாகவே வரும். காப்லருக்கு அது பொருந்தாது. மேலிருந்து நேராக விழும் சூடு அதில் இல்லை. பழத்திலிருந்து எழும் ஆவியும் வெளியேற வழியில்லாமல் மூடியில் பட்டு மாவின் மேலேயே சொட்டும். மேலே தணல் போட முடிந்தால் மட்டும் முயலுங்கள்.

கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அள்ளும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. அகல்விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று இங்கே பலவும் வார்க்கப்படுகின்றன. சூளையில் நடப்பதும் தண்ணீரை வெளியேற்றும் வேலைதான், இன்னும் கடுமையாக. 100 டிகிரியை ஒட்டி, மண்துகள்களுக்கு இடையே இருக்கும் ஈரம் போகும். பச்சைக் கிண்ணத்தை அவசரமாகச் சூடேற்றினால் அந்த ஈரம் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண் மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் பிரியும். அதற்குப் பிறகு அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மறுபடி குழையாது. ஆயிரத்தைத் தாண்டியபின் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் உருகி நுண்துளைகளை அடைக்கும். மண் கண்ணாடித்தன்மை பெறும். ஃபியூஸ் கட்டைக்கு இந்த அடைப்பு உயிர்நாடி. துளையில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும்.

சமையல் கிண்ணத்துக்கும் அந்த அடைப்பு வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் கிளேஸ் பூசாத ஒரு வளையம் தெரியும். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தை விட்டுவைப்பார்கள். அந்த வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு அப்படியே நின்றால் நன்றாக வெந்த கிண்ணம். உறிஞ்சிக்கொண்டால் துளை அடைபடாதது. கழுவும்போது குடித்த தண்ணீர் ஓவனில் ஆவியாகி விரிசல் விடும். அழகுக்கென்று விற்கும் கிண்ணத்திலும் விளக்கிலும் சமைக்கவே சமைக்காதீர்கள். ஈயம் கலந்த கிளேஸாக இருந்தால், எலுமிச்சையும் மாம்பழமும் சேர்ந்த புளிப்புச் சாறு கொதிக்கும்போது ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். உணவுக்கு ஏற்றது, ஓவனில் வைக்கலாம் என்று விற்பவர் உறுதிசொன்னால் மட்டும் வாங்குங்கள்.

பீங்கானைவிட அலுமினியம் நூறு மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்த மந்தம்தான் காப்லருக்கு வேண்டியது. அடிப்பழம் பிடிக்காது, வெளியே எடுத்தபிறகும் கிண்ணம் நெடுநேரம் சூட்டை விடாது. அதே மந்தம் ஆபத்தும் ஆகும். வெளிப்புறம் சட்டென்று குளிர்ந்து உட்புறம் சூடாகவே இருந்தால், சுருங்கும் புறத்துக்கும் சுருங்காத புறத்துக்கும் இழுபறி ஏற்பட்டுக் கிண்ணம் பிளக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தை நேராக ஓவனில் வைக்காதீர்கள். ஓவனிலிருந்து எடுத்ததை ஈரமான கடப்பைக் கல் மேடையில் வைக்காதீர்கள். மடித்த காய்ந்த துணியோ மரப்பலகையோ போதும்.

எடுத்தவுடன் பரிமாறும் ஆசையையும் அடக்க வேண்டும். மரவள்ளி மாவுச்சத்து வீங்கியிருந்தாலும் கொதிசூட்டில் நெகிழ்ந்தே இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் சாறு இழுபதமாகப் பழத்தைப் பற்றும். அரை மணி நேரம் விடுங்கள். மறுநாளைக்கு மிச்சமானால், மேல்மாவு மெத்தென்று ஆகியிருக்கும். பழத்தின் ஈரம் மேலே ஏறியதும், மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்கியதும் அதற்குக் காரணம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மெத்தை ரப்பராகும். கிண்ணத்தை அறைச்சூட்டுக்கு வரவிட்டு, 160 டிகிரி ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். மேலேறிய ஈரம் போய், மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும்.